வேடர் குடிக்கு முதல் அழைப்பு

நீதிமன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர்கள் சிலர் போன கிழமை என்னைத் தேடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். தங்கள் சங்கத்துக்கு மலர் ஒன்று போடுகிறார்களாம், அதற்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஓய்வு பெற்றவனைத் தேடி வந்து கேட்க இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்து, தேத்தண்ணீருக்குச் சீனி தாராளமாகப் போடும்படி மனைவியிடம் சொன்னேன். குடித்து முடித்த பிறகுதான் ஒருவர் விஷயத்துக்கு வந்தார்.

"ஐயா, வடிவேல் முதலியாரைப் பற்றித்தான் எழுதித் தரவேணும். அவரை உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

தெரியும். என்னைப்போல் அவரைத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. செத்து இத்தனை காலமாகியும் அந்த மனிதர் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார். சரி, எழுதுகிறேன். ஆனால் நான் எழுதப்போவது என்னுடைய உத்தியோகத்தைப் பற்றி. அவர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார், அதை யாராலும் தடுக்க முடியாது.

வடிவேல் அண்ணன் எனக்குச் சகலன். என் மனைவி பரிமளத்தின் அக்காவைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை போய்ப் பெண் வீட்டில் இருப்பான். களுவாஞ்சிக்குடியில் மாமனாரின் வளவில் றோட்டைப் பார்த்த கல்வீடு மூத்த மகளுக்கு. பின்னால் கிணற்றடியோடு ஒட்டிய வீடு இளையவளுக்கு, அதாவது எனக்கு. என்னைப் பார்க்க வருகிறவர்கள் அவருடைய வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். பாதிப் பேர் அங்கேயே இருந்து கதைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

உத்தியோகமும் ஒன்றுதான். ஐம்பதுகளின் நடுவில் இருவரும் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியார்களாகச் சேர்ந்தோம், மொழிபெயர்ப்பு உத்தியோகத்தருக்கு அப்போது அதுதான் பெயர். சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். அவர் முதல் தரத்திலேயே பாஸ். நான் எத்தனையாவது தரம் என்பதை விட்டுவிடுவோம். கொலை வழக்குகள் அவருக்குப் போகும். அடுத்தவன் வட்டைக்குள் மாடு இறங்கிப் பயிரைத் தின்ற வழக்குகள் எனக்கு. காலையில் பஸ்ஸில் யன்னலோரமும் அவருக்குத்தான். நான் முந்தி ஏறிப் பிடித்தாலும், "அண்ணன் நீங்க இருங்க" என்று என் வாயே சொல்லிவிடும். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

"நீங்க எரியிற எரிச்சல அடுப்புக்க வச்சா விறகு மிச்சம்" என்பாள் பரிமளம்.

எங்கள் இருவரையும் பழக்கியவர் இம்மானுவேல் ஐயா. தலைமை முதலியார், மெதடிஸ்த சபைக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. ஒருவரையும் ஏசமாட்டார். பிடிக்காத காரியம் நடந்தால் கதிரையை யன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியால் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியும்வரை நாங்கள் நிற்கவேண்டும். துடைக்கிற நேரத்தை வைத்தே பிழையின் அளவை அறிந்துகொள்வோம்.

அவர் சொல்லித் தந்த முறை இது. சாட்சிக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நில். கண்ணைப் பாராதே, வாயைப் பார். அவன் 'நான் வெட்டினேன்' என்றால் நீயும் 'நான் வெட்டினேன்' என்று சொல். 'வெட்டினதாகச் சொல்கிறான்' என்று சொன்னால் நீ தப்பிக்கொள்கிறாய், அதற்குச் சம்பளம் இல்லை. அவன் தூஷணம் பேசினால் நீயும் பேசு. ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னால் நீயும் சொல்லு. கடைசியாக, மெதுவாக, இரண்டு தரம் சொல்லுவார்: "அவன் பேசாமல் நின்றால் நீயும் பேசாமல் நில். மௌனத்துக்கு நீ அர்த்தம் சொல்லப் போகாதே."

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. "வடிவேல் எங்க?" என்பார். அண்ணன் லீவென்றால், "அப்ப மற்ற முதலியாரைக் கூப்பிடுங்க."

மற்ற முதலியார் நான்தான்.

இந்த இடத்தில் கோயில் முறை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தாய்வழியில் ஒரு குடி உண்டு. திருவிழா முடிவில் ஒவ்வொரு குடியையும் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு, அந்தக் குடியின் சார்பில் வருகிறவரிடம் வெற்றிலை கொடுப்பார்கள். எந்தக் குடிக்குப் பின் எந்தக் குடி என்ற வரிசையை ஒருவரும் மாற்றமுடியாது. மாறிக் கூப்பிட்டால் போகமாட்டார்கள், போனால் இறங்கிவிட்டோம் என்று ஆகிவிடும். எங்கள் கோயிலில் முதல் அழைப்பு வேடர் குடிக்கு. காட்டுக்குள் சுவாமியை முதலில் கண்டவர்கள் அவர்கள் என்பது கதை. கூப்பிடுகிறவர் காட்டுப் பக்கம் திரும்பி மூன்று தரம் கூப்பிடுவார். என் வாழ்நாளில் யாரும் வந்ததில்லை. வெற்றிலையை மரத்தடியில் வைத்துவிட்டு அடுத்த குடியைக் கூப்பிடுவார்கள். அடுத்த குடி வடிவேல் அண்ணனுடையது, அதன் சார்பில் வெற்றிலை வாங்குவது அவர். அதற்கடுத்தது எங்களுடையது, வாங்குவது நான். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவருடைய முதுகைப் பார்த்தபடி எத்தனை வருஷம் நின்றிருப்பேன்.

எழுபதுகளின் தொடக்கம். நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். சனங்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு மட்டக்களப்புக்கு வருகிறது என்று தெரிந்ததும் ஊரெல்லாம் அதே கதை. அதில் பெரிய வாக்குவாதம் வேடர்களைப் பற்றியது. இந்தத் தீவின் முதற்குடிகள் வேடர்கள் என்று ஒரு வரி எழுதவேண்டும், சட்டசபையில் அவர்களுக்கென்று ஒரு ஆசனம் வேண்டும் என்று நகரத்து ஆசிரியர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். வாகரைப் பக்கத்துக் கரையோரத்தில் வேடர் கிராமங்கள் உண்டு. மீன் பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், எங்களைப்போல் தமிழ்தான் பேசுவார்கள்.

அதையே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டது. வெல்லாவெளிப் பெரிய வயல்காரர் கணபதிப்போடியார் ஒருநாள் பஸ்ஸில் ஏறிக் களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிப் பாலம்வரை அதையே பேசினார்.

"அவங்களும் நாங்களும் ஒண்டுகா. ஒரே தமிழ், ஒரே முருகன். இதுக்குள்ள என்ன தனி வரி?"

பக்கத்தில் இருந்த காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி சிரித்தார். "ஒண்டெண்டா அவங்கட பிள்ளைக்கு உங்கட மகளக் குடுப்பீங்களா போடியார்?"

போடியார் யன்னலுக்கு வெளியே பார்த்தார். புதிதாகக் காடு வெட்டித் திருத்திய வயல் அவருக்கு நிறைய. முதலில் இருந்தவன் யார் என்று சட்டத்தில் எழுதினால் நாளைக்கு வயலில் வந்து நிற்பான் என்ற பயம்தான் அவருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். வடிவேல் அண்ணன் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டினார். இரண்டு பக்கத்துக்கும் அவரைப் பிடித்திருந்தது. எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

குழுவில் இருந்தவர்கள் கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. மண்டப ஒழுங்கை இம்மானுவேல் ஐயாவிடம் விட்டிருந்தார்கள். ஐயா நீதிமன்ற முறைப்படியே எல்லாம் வகுத்தார். மொழிபெயர்க்க வடிவேல் அண்ணன். வாசலில் நின்று பெயரைக் கூப்பிட நான். முன் மேசையில் மின்விசிறிக்குக் கீழே அவர், வாசல் நிலையில் வெயில் பட நான். நீதிமன்றத்தில் பெயர் கூவுகிற சேவகன், ஆராச்சி, செய்கிற வேலை அது.

முதலில் சட்டத்தரணிகள், பிறகு கோயில், பள்ளிவாசல், தேவாலயக்காரர், வியாபாரிகள், விவசாயிகள் சங்கம் என்று ஒழுங்கு. காலை அமர்வின் கடைசிப் பெயர் வாகரைப் பக்கத்து வேடர் பெரியவர் காத்தமுத்து. தன் ஆட்கள் நாலைந்து பேரோடு விடியற்காலையிலேயே வந்து பின் வரிசை வாங்கில் இருந்தார். மெலிந்த உடம்பு, புதுச் சாரம், தோளில் துவைத்த சால்வை. மற்றவர்களைக் கூப்பிடும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணபதிப்போடியார் பேசி முடித்து, தனி வரி தேவையில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு இறங்கினார். நான் கூப்பிட்டேன்.

"காத்தமுத்து."

அவர் எழும்பவில்லை. கேட்காமல் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்னொரு தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரமும் கூப்பிட்டேன். முறை அதுதான்: மூன்று தரத்துக்கும் வராவிட்டால் சமுகமளிக்கவில்லை என்று எழுதி மேலே போய்விடுவார்கள்.

வடிவேல் அண்ணன் எழும்பிப் பின்னுக்குப் போய்க் குனிந்து கேட்டார். "பெரியவர், உங்களத்தான் கூப்பிடுறாங்க. வாங்க, நான் பக்கத்தில நிக்கிறன்."

பெரியவர் அவரைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அண்ணன் திரும்பி வந்து தலைவரிடம் தன் அழகான இங்கிலீசில் சொன்னார்: "அவருக்குக் கூச்சம். இப்படியான இடங்கள் பழக்கமில்லை."

தலைவர் அன்பாகத் தலையாட்டினார். கணபதிப்போடியார் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "கேக்க ஒண்டுமில்லாட்டி கூச்சம்தான் வரும். அவங்க ஒண்டும் கேக்கல்ல எண்டு எழுதிக்கொள்ளுங்க." அண்ணன் அதையும் மொழிபெயர்த்தார். மண்டபம் சிரித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிக்கொள்வோம் என்று தலைவர் எழும்பினார். அப்படி எழுதினால் காரியம் முடிந்தது. வேடர்களே கேட்காத வரியை அவர்களுக்காக யார் எழுதப்போகிறார்கள்?

எனக்கு உள்ளுக்குள் வெடி கொளுத்தினமாதிரி இருந்தது. அண்ணன் பிழை விட்டுவிட்டார். மௌனத்துக்கு அர்த்தம் சொல்லிவிட்டார், அதுவும் ஐயாவுக்கு முன்னால். ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி கழன்றிருந்தது. துடைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நீண்ட துடைப்பை நான் பார்த்ததில்லை.

அது கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். வரிசையில் முன்னுக்கு நிற்பவனுக்கு அது விளங்காது. ஒவ்வொரு வருஷமும் அடுத்தவன் முதுகைப் பார்த்து நின்றவனுக்குத்தான் விளங்கும். அண்ணன் விட்ட பிழையை ஐயாவுக்குக் காட்டவேண்டும் என்ற ஆவலில்தான் நான் பெரியவரைத் தேடிப் போனேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மண்டபத்துக்கு வெளியே வாகை மர நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவர், ஏன் எழும்பல்ல?"

"நீதானே கூப்பிட்ட?"

"ஓம்."

"உங்கட பக்கத்துக் கோயில்ல முதல் அழைப்பு இண்டைக்கும் எங்களுக்கெண்டு சொல்றாங்க. மெய்யா?"

"மெய்தான்."

"அதக் கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தன் மனே. இஞ்ச எல்லாரையும் கூப்பிட்டுப்போட்டுக் கடைசியா எங்களக் கூப்பிடுற. நாங்க கேக்க வந்ததே நாங்க முதல் ஆக்கள் எண்டு எழுதச் சொல்லித்தான். கடைசி அழைப்புக்கு நான் எழும்பினா, கேக்க வந்தத நானே குடுத்துப்போட்டுப் போற மாதிரி."

அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண், மகளாக இருக்கவேண்டும், பொரித்த மீன் துண்டு ஒன்றை என் கையில் வைத்தாள். தின்றுகொண்டே நடந்தேன்.

ஐயா அறையில் தனியாக இருந்தார். பெரியவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'நான்' என்று சொன்ன இடத்தில் 'நான்' என்றே சொன்னேன். கடைசியில், "வடிவேல் அண்ணன் கூச்சம் எண்டு சொன்னது பிழை ஐயா" என்றும் சேர்த்தேன். அதற்காகத்தானே வந்தது. ஐயா கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பின்னேரம் புது அமர்வு. புது அமர்வுக்கு ஒரு முதல் அழைப்பு உண்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எப்படிக் கூப்பிடவேணுமோ அப்படிக் கூப்பிடும், நாகலிங்கம்."

என் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

பின்னேரம் தலைவர் வந்து இருந்ததும் நான் வாசலில் நிற்கவில்லை. மண்டபத்தின் நடுவுக்கு வந்து, எங்கள் கோயிலில் செய்கிறபடி காட்டுப் பக்கம் திரும்பி, சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூப்பிட்டேன்.

"வேடர் குடி... வேடர் குடி... வேடர் குடி வருக."

கொழும்புக்காரர்கள் விழித்தார்கள். மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்களுக்கு விளங்கிவிட்டது. சிறுபிள்ளையிலிருந்து கேட்ட அழைப்பு அது. யாரும் வராத அழைப்பு. பின் வாங்கிலிருந்து காத்தமுத்துப் பெரியவர் எழும்பினார். அவர் நடந்துவர, இரண்டு பக்கமும் தோள்களிலிருந்து சால்வைகள் இறங்கின. கணபதிப்போடியாரின் கையும் தன்பாட்டில் போய்ச் சால்வையை இறக்கியது. அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. அந்த ஒரு நிமிஷம் நான் யாரைப் பார்த்தும் எரியவில்லை.

ஒரு நிமிஷம்தான். பெரியவர் போய் நின்றதும் அவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால், வடிவேல் அண்ணன் வந்து நின்றார்.

"நான் வேடன்" என்றார் பெரியவர். "எனக்கு முந்தி இஞ்ச ஒருத்தரும் இல்ல. இந்த ஆக்கள் தங்கட கோயில்ல முதல் வெத்தில எனக்கு வைக்கிறாங்க. அதுக்கு நான் குறை சொல்லல்ல. ஆனா வெத்தில வைக்கிற ஆக்கள், காட்டுக்குள்ள என்னக் கண்டா, யார் நீ, காணி உறுதி எங்க எண்டு கேக்கிறாங்க. உங்கட சாமிக்கு என்னத் தெரியுது, உங்கட சட்டத்துக்குத் தெரியல்ல. கோயில்ல கூப்பிடுற மாதிரிச் சட்டத்திலயும் கூப்பிடுங்க. வாறதும் வராததும் எங்கட பாடு. கூப்பிடுறது உங்கட கடன்."

அண்ணன் மொழிபெயர்த்தார். பொய் சொல்லக்கூடாது, அதைப்போல ஒரு மொழிபெயர்ப்பை நான் பிறகு கேட்டதில்லை. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. 'எனக்கு முந்தி இங்கே ஒருவரும் இல்லை' என்று அவர் இங்கிலீசில் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. பிறந்ததிலிருந்து முன்னுக்கே நிற்கிற மனிதருக்கு அந்த வசனமுமா கிடைக்கவேண்டும்? கூப்பிட்டவன் நான். அவரை எழுப்பினவன் நான். தலைவர் இறங்கிவந்து பெரியவரின் கையைப் பிடித்தார், பிறகு அண்ணனின் கையைப் பிடித்தார். பத்திரிகையில் படம் வந்தது. பெரியவர், பக்கத்தில் அண்ணன், ஓரத்தில் ஒரு முழங்கை. அந்த முழங்கை என்னுடையது. பரிமளம் அந்தப் படத்தை வெட்டி வைத்தாள், அவளுடைய அத்தானின் படமாம்.

அடுத்த வருஷம் ஐயா ஓய்வு பெற, தலைமை முதலியார் பதவி யாருக்குப் போயிற்று என்று எழுதத் தேவையில்லை.

புதிய அரசியலமைப்பும் வந்தது. நீதிமன்றத்துக்கு வந்த பிரதியை அண்ணனும் நானும் ஒரே மேசையில் வைத்துப் படித்தோம். யாருக்கு எந்த இடம் என்றெல்லாம் அதில் இருந்தது. வேடர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அண்ணன் பின்னாலிருந்து முன்னுக்கு இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு மூடிவைத்துவிட்டு, அன்று பஸ்ஸில் என்னை யன்னலோரம் இருக்கச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அந்த வருஷத் திருவிழா முடிவில் குடிகளைக் கூப்பிடும் நேரம். வழமைபோல வேடர் குடியை மூன்று தரம் கூப்பிட்டார்கள். வெற்றிலையோடு மரத்தடிக்குத் திரும்பப் போன மனிதர் அப்படியே நின்றுவிட்டார். சனத்தை விலக்கிக்கொண்டு காத்தமுத்துப் பெரியவர் வந்துகொண்டிருந்தார். அதே சாரம், அதே சால்வை. வந்து இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கினார். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. வடிவேல் அண்ணன் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். உண்மையான ஆளுக்கு அவர் வழிவிட்டு நின்றதைப் பார்க்க எனக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும்.

பெரியவர் எங்களை நோக்கி வந்தார். அண்ணனிடம்தான் போகப்போகிறார், அவருடைய வாயாகப் பேசியவர் அல்லவா என்று நினைத்தேன். அவர் அண்ணனைத் தாண்டி என்னிடம் வந்தார். என் சீவியத்தில் அண்ணனைத் தாண்டி என்னிடம் வந்த முதல் ஆள் அவர்.

"நீதானே கூப்பிட்ட" என்றார். "நீ சொல்லு. சட்டத்தில எங்கள எத்தினையாவதா எழுதியிருக்கு?"

அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் உன்னியது. முதல் தரமாக அவரை முன்னுக்கு விட ஆசைப்பட்டேன். ஆனால் பெரியவர் அன்றைக்குப் பின் வாங்கில் இருந்து பார்த்தமாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதல்ல, பெரியவர்."

"கடைசியிலயும் இல்லையா?"

"இல்ல."

கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். அதைக் கசங்காமல் சால்வைத் தலைப்பில் முடிந்தார்.

"அப்ப அடுத்த குடியக் கூப்பிடச் சொல்லு மனே" என்று சொல்லிவிட்டு வெளிவீதிப் பக்கம் நடந்தார்.

அடுத்த குடியைக் கூப்பிட்டார்கள். வடிவேல் அண்ணன் அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள், மூன்றாம் தரமும் கூப்பிட்டார்கள். அவர் சால்வையை இடுப்பில் கட்டியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய குடிக்காரர் ஏசினார்கள், கோயிலை நடத்தும் வண்ணக்கர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் போகவில்லை. அந்த வருஷம் அந்த வெற்றிலையும் மரத்தடிக்குப் போயிற்று.

பெரியவர் அதற்குள் வீதியைக் கடந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் இதைப் பார்க்கவேயில்லை.

எனக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு வந்தது. அது எனக்கல்லவா தோன்றியிருக்கவேண்டும்? கூப்பிட்டவன் நான், இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான். அதிலும் இந்த மனிதர் முந்திவிட்டார். வடிவேல் முதலியார் வெற்றிலை வாங்காமல் நின்ற கதையை ஊர் இன்றைக்கும் சொல்கிறது. இந்தப் பிள்ளைகள் என்னிடம் கேட்டு வந்ததும் அந்தக் கதையைத்தான்.

அடுத்ததாக எங்கள் குடியைக் கூப்பிட்டார்கள். நானும் போகவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார்கள், நின்ற இடத்திலேயே நின்றேன். எல்லோரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலரில் போடும்போது, போகாமல் நின்றது இரண்டு பேர் என்று போடுங்கள்.